சேனைக்கிழங்குக் கடைக்குப் பின்னால்

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு சந்தைக்குப் போனேன். போனேன் என்பதைவிட அனுப்பப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. பெங்களூரில் இருக்கும் என் மகள் அங்கிருந்தபடியே போனைத் தட்டி, அசோக் நகரில் என் வாசலுக்கு ஆட்டோ வரவழைத்துவிட்டாள். "ஆத்துக்குள்ளயே உக்காந்துண்டிருக்காதம்மா. விவசாயிகளே நேரா கொண்டுவந்து விக்கறாளாம். போய்த்தான் பாரேன்" என்றாள். அவளோடு வாதாடுவதைவிட ஆட்டோவில் ஏறுவது சுலபம் என்று தோன்றுகிற வயது எனக்கு வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

பழைய பங்களா ஒன்றின் தோட்டம். மாமரத்தடியில் வரிசையாக மேசைகள், அவற்றின்மேல் கோணித்துணி விரிப்பு, விரிப்பின்மேல் பிரம்புக் கூடைகள். ஒவ்வொரு கூடையிலும் காயின் பெயரை ஆங்கிலத்தில் அழகாக எழுதிச் செருகியிருந்தார்கள். பேரம் கிடையாது, கூச்சல் கிடையாது. எல்லோரும் நூலகத்தில் பேசுவதுபோல் தணிந்த குரலில் பேசினார்கள். தாடி வைத்த ஓர் இளைஞன் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினான். "ஆன்ட்டி, இது பிரண்டை. எலும்புக்கு ரொம்ப நல்லது. ஆனா பாத்து நறுக்குங்க, கை அரிக்கும்." அப்படியா தம்பி என்று கேட்டுக்கொண்டேன். நான் பிரண்டை நறுக்கிக் கையைச் சொறிந்துகொண்டிருந்த காலத்தில் அவன் அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது. ஆனாலும் அவன் முகத்தில் இருந்த அக்கறையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த மேசையில் சேனைக்கிழங்கு, மண்ணைக் கழுவாமல் அப்படியே. ஒன்றை எடுத்துப் பார்க்கக் குனிந்தேன். ஈர மண்ணும் கொஞ்சம் புளிப்பும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று அந்தப் பையனிடம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இருந்தது. தி.நகரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. வாரம் முழுக்க அடித்து அடித்து விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் எட்டு மணி வரை தூங்குவேன், அதுதான் என் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தைச் சந்தை வந்து பிடுங்கிக்கொண்டது. கிண்டிக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பொட்டலில், ஞாயிறு காலையில் மட்டும் கூடுகிற சந்தை. செங்கல்பட்டுப் பக்கத்து ஜனங்கள் விடிகாலை மின்சார ரயிலில் கூடைகளோடு வந்து இறங்குவார்கள். தரையில் சாக்கு விரித்துக் கூறு போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சாக்கை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மழை பெய்தால் பொட்டல் முழுக்கச் சேறு. ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு நான் வீடு திரும்பிய நாள்கூட உண்டு.

அதற்கு முன்பெல்லாம் சந்தை அப்பாவின் ராஜ்ஜியம். அவர் அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம், தாய் தகப்பனுக்குத் திவசம் என்று எதிலும் அணுவளவு பிசகாதவர். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நாட்டுக் காய்தான் சமைக்கலாம். வாழை, புடலை, பாகல், அவரை, கொத்தவரை, சேனை, பிரண்டைத் துவையல். கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் இங்கிலீஷ் காய். வெள்ளைக்காரன் கொண்டுவந்ததைப் பித்ருக்களுக்கு எப்படிப் படைப்பது? உருளைக்கிழங்கும் அந்தக் கணக்கில்தான் சேரும். எனக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். அதனாலேயே சின்ன வயதில் பித்ருக்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

அந்தக் காய்களைத் தேடித்தான் அப்பா வாராவாரம் கிண்டிக்குப் போவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது அவருக்கு ஓர் உத்தியோகமாகவே ஆகிவிட்டிருந்தது. பிறகு ஒருநாள் அக்கா ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை அவள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பட்டினப்பாக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அவருடைய அம்மா மீன் விற்கிறவள். அப்பா கத்தவில்லை. "அவ பேர் இனிமே இந்த ஆத்துல வேண்டாம்" என்றார். அதோடு தானும் தெருவில் இறங்குவதை நிறுத்திக்கொண்டார். கோயில் கிடையாது, சந்தை கிடையாது. எதிரே வருகிறவன் 'பெரியவ எப்படி இருக்கா' என்று கேட்டுவிடுவானோ என்ற பயம். இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது. அப்போது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில், "காய்க்கு என்ன பண்றது? நான் வேணா இவளை அழைச்சுண்டு கிண்டிக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். சனிக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து அக்காவின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சேனைக்கிழங்குக் கடைக்குப் பின்னால், ஏழு மணிக்கு என்று மட்டும் சொன்னேன். ஏதோ கடத்தல்காரி மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு பேசியது நினைவிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஏன் சேனைக்கிழங்குக் கடை என்றால், அங்கேதான் நேரம் பிடிக்கும். கிழங்கை அறுத்து, நிறுத்து, இன்னும் கொஞ்சம் அறுத்து, மறுபடி நிறுத்து. அம்மா வேண்டுமென்றே தோல் பக்கம் வேண்டாம், நடுப்பக்கம் வேண்டும் என்பாள். அதற்குள் கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட கூடைகளில் அக்காவும் நானும் உட்கார்ந்துவிடுவோம். பிறகு அம்மா வருவாள். அரைமணி நேரம், சில நாள் அதுகூட இல்லை. முதல் வாரம் அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சுட்டியேடி" என்றாள். அக்கா உண்மையில் எப்போதும்போல் பூசினாற்போலத்தான் இருந்தாள். நாங்கள் இருவரும் சிரித்தோம், அம்மா அழுதாள்.

சந்தையின் அந்தக் கோடியில் மீன்கடைகள் இருந்தன. அக்காவின் மாமியார் அந்தோணியம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடை போடுவாள். மருமகளைத் துணைக்கு அழைத்துவருவதாகத் தன் வீட்டில் சொல்லிக்கொள்வாள். எங்கள் பக்கம் வரமாட்டாள். தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, "இன்னா சம்பந்தியம்மா, சௌக்கியமா?" என்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். அம்மா பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். எப்போதாவது அக்காவின் கணவரும் வருவார். நான் பழக்கதோஷத்தில் 'அத்திம்பேர்' என்று கூப்பிட்டுவிடுவேன். நண்டுக் கூடைக்கு நடுவில் நிற்கிற மனிதரை அத்திம்பேர் என்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா? அவர் கூச்சத்தில் நெளிவார்.

கிளம்பும்போது அம்மா தன் பையிலிருந்து பாதிக் காயை அள்ளி அக்காவின் பையில் போட்டுவிடுவாள். சாம்பார்ப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஏதாவது பொட்டலமும் அடியில் போகும். இரண்டும் ஒரே மாதிரிப் பைகள். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் கொடுத்த கட்டைப்பை. அந்த நாளில் மாம்பலத்தில் அந்தப் பை இல்லாத வீடே கிடையாது. அக்கா வீட்டை விட்டுப் போனபோது தன் துணிகளை அதில் ஒன்றில்தான் போட்டுக்கொண்டு போனாள்.

வினை அந்தப் பையில்தான் வந்தது. அக்கா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அன்றைக்கு அந்தச் செய்தியைச் சொன்னாள். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டதும் அம்மாவும் நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பையைத் தூக்கியது நான். அவசரத்தில் எந்தப் பை என்று பார்க்கவில்லை. ரயிலில் மீன் வாசனை வந்தது. அடுத்த பெட்டி கூடைக்காரர்களுடையது, அங்கிருந்து வருகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாம்பலத்தில் இறங்கி நடந்தபோதும் வந்தது. உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போய்க் குளிக்க வேண்டும் என்று நினைத்தேனே ஒழிய என் மூளை அதற்குமேல் வேலை செய்யவில்லை.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்குப் போவதைத்தான் விட்டாரே தவிர மேற்பார்வையை விடவில்லை. கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக் காத்திருப்பார். காயை அதில் கொட்ட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது முற்றல், இது நேற்றைய காய் என்று தீர்ப்புச் சொல்வார். அம்மா பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினாள். நெத்திலிக் கருவாடு விழுந்தது. அதன்மேல் பாதி கடித்த ஒரு மாங்காய் விழுந்து உருண்டு அப்பாவின் காலடியில் போய் நின்றது.

மறுநாள் அமாவாசை வேறு. அப்பா கருவாட்டைப் பார்த்ததைவிட அந்த மாங்காயைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டார். ஈரத் துண்டோடு வந்து நின்று, "இனிமே யாரும் சந்தைக்குப் போக வேண்டாம். வாசல்ல வண்டி வரதோன்னோ, அதுல வாங்கினாப் போறும்" என்றார். அம்மா கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்றாள்.

அதன்பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எட்டு மணிவரை தூங்கலாம் என்று ஆனது. தூங்கத்தான் முடியவில்லை. வாசலில் வண்டிக்காரர் வருவார், அம்மா படியில் நின்றபடியே வாங்குவாள். அக்காவைப் பற்றி நான் போனில் கேட்டுவந்து சொல்வேன். வாந்தி நின்றுவிட்டதாம், கால் வீங்கியிருக்கிறதாம். "கால் எவ்வளவு வீங்கிருக்குன்னு கேட்டியோ?" என்பாள். போனில் எப்படித் தெரியும் அம்மா என்பேன். பார்த்தால்தான் தெரியும் என்பதை இருவரும் சொல்லாமல் விட்டுவிடுவோம். தலைப் பிரசவம். தாய் இருந்தும் பக்கத்தில் இல்லை. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பாட்டியின் திவசம் வந்தது. முதல்நாள் மாலை அப்பா வழக்கம்போல் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். அம்மா பையைக் கொண்டுவந்து நிதானமாகக் கொட்டினாள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல்.

"என்ன இது?"

"வண்டில இதான் இருந்தது."

"ஸ்டேஷன் ரோட்டுல வாழைக்காய் இல்லையா? பிரண்டை இல்லையா?"

"இருக்கும். வாசல்ல வர வண்டில வாங்குன்னு சொன்னேள். நான் வாசலைத் தாண்டலை."

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா கையில் ஒரு கேரட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தானே போய் வாங்கலாம், ஆனால் தெருவில் இறங்க வேண்டும். இறங்கினால் மனிதர்கள் எதிரே வருவார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ போய் வாங்கிண்டு வா" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே அவர் அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை சந்தைக்கே போயிட்டு வா."

அம்மா காயை மறுபடி பையில் அள்ளிப் போடும் சத்தம் கேட்டது.

"பையை மட்டும் பாத்து எடுத்துண்டு வா."

நான் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கருவாடு விழுந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறதா, அதற்கும் முன்னாலேயே, காய் பாதியாகக் குறைந்து வந்த முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா இருட்டோடு எழுந்து புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் கிளறி அடுக்கில் போட்டுக்கொண்டாள். வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. சந்தைக்குப் போகிறவளுக்கு எதற்குச் சித்ரான்னம் என்று கூடத்தில் இருந்தவர் கேட்கவில்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். சேனைக்கிழங்குக் கடைக்குப் பின்னால், கவிழ்த்த கூடைமேல் அவளை உட்காரவைத்து, சந்தையில் சுற்றிவந்த வளையல்காரரைக் கூப்பிட்டு, அம்மா வளைகாப்பு நடத்தினாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். கிழங்குக்காரி தன் கூந்தலிலிருந்த பூவைப் பாதி கிள்ளிக் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் அந்தோணியம்மா எங்கள் பக்கம் வந்தாள். கூடை இல்லை. நல்ல புடவை, எண்ணெய் வைத்துச் சீவின தலை. "இன்னிக்கு யாவாரம் வாணாம்னு உட்டுட்டேன் சம்பந்தியம்மா. மீன் வாசனை உங்களுக்கு ஆவாது" என்றாள். அம்மா ஒரு வினாடி தயங்கினாள். பிறகு இரண்டு வளையலை எடுத்து அவள் கையில் கொடுத்து, "நீங்களும் போடுங்கோ. நீங்கதானே பாத்துக்கறேள் அவளை" என்றாள். அந்தோணியம்மாவின் கை முரடு. அவள் அக்காவின் கையில் வளையலை ஏற்றிய மாதிரி பதவிசாக யாரும் ஏற்றவில்லை. நான் புளியோதரையை இலையில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தேன். கிழங்குக்காரி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு எத்தனையோ வருடம் போனோம். அக்காவின் குழந்தை அந்தக் கூடைகளுக்கு நடுவில்தான் தவழ்ந்தது, நடந்தது, சேற்றில் விழுந்தது. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாம்பலம் ஸ்டேஷனில் அம்மாவுக்காக நிற்பேன். ஜுரம் அடித்த நாளில் போயிருக்கிறேன். புயல் என்று ரேடியோவில் சொன்ன நாளில் போயிருக்கிறோம். சந்தை கூடவில்லை, அக்கா மட்டும் குடை பிடித்துக்கொண்டு வெறும் பொட்டலில் நின்றுகொண்டிருந்தாள். மூவரும் நனைந்துகொண்டே சிரித்தோம்.

இதில் கதைபோல நல்ல முடிவு ஒன்றும் கிடையாது. அப்பா அக்காவைக் கடைசிவரை வீட்டுக்குள் அழைக்கவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கவும் இல்லை. வாராவாரம் பையைப் பார்த்து எடுத்துவர அனுமதித்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவர் போனபின் அக்கா வந்தாள், அழுதாள். அம்மா தன் கடைசிக் காலத்தில் அக்கா வீட்டிலும் என் வீட்டிலுமாக மாறி மாறி இருந்தாள். அந்தப் பொட்டலில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தோணியம்மாவும் போய்விட்டாள். அம்மா போய்ச் சேர்ந்தபின் காரியமெல்லாம் முடிந்து அக்காவும் நானும் வாசலில் கட்டிக்கொண்டு நின்றோம். இனி நமக்கு நாம்தான், நினைத்தபோதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா.

அக்கா இப்போது அடையாறில்தான் இருக்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு. அவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கல்யாணத்தில். அது எப்போது என்று யோசித்தேன், சட்டென்று பிடிபடவில்லை. போன் செய்தேன்.

"எங்கேருந்துடி பேசறே? ஒரே காக்கா சத்தமா கீது."

இத்தனை வருடத்தில் அவள் தமிழ் பாதி பட்டினப்பாக்கம் ஆகிவிட்டது. நான் இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"ஐயையோ, முன்னாடியே சொல்லக் கூடாதா? வேலைக்காரி வரலை, வீடு போட்டது போட்டபடி கிடக்கு. உங்க அத்திம்பேருக்கும் ராத்திரியெல்லாம் இருமல். இன்னொரு நாள் நிதானமா வாயேன்."

"சரிக்கா."

"கோச்சுக்கினியா?"

"இதுல என்ன கோவம்."

கோபம் நிஜமாகவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு தெரு நடக்க வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம் என்று உள்ளே ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் குரலிலும் அதே நிம்மதி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்த காலம்வரை, அந்தச் சில மாதங்கள் போக, நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. அவர் எழுந்து போய்விட்டார், கதவு திறந்தே கிடக்கிறது, எங்களுக்குத்தான் அசதியாக இருக்கிறது. இன்னொரு நாள் என்றாளே, அது எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.